துரு எங்கே விழணும்? தொட்டியிலா, டிரிப்பரிலா?

சொட்டுநீர் போட்ட முதல் வருசம் எல்லாம் கணக்காகச் சொட்டும். ரெண்டாவது வருசம் கடைசி வரிசையில் ஒரு மரம் வாடும். போய்ப் பார்த்தால் டிரிப்பர் வாயில் செங்காவி நிறத்தில் பசை. லேட்டரல் முனையைத் திறந்து விட்டால் காவித் தண்ணி கொட்டும். கடைக்காரரைக் கேட்டால் முதலில் ஒரு வடிகட்டி விற்பார். அதுக்கும் அடங்கலைன்னா ஆசிட் கேன் விற்பார். மாசத்துக்கு ஒரு தடவை ஆசிட் விடுங்கன்னு சொல்லி அனுப்புவார்.

ரசாயனம் வேண்டாம்னு முடிவெடுத்து வந்த நாம், உரக்கடைக்குப் போறதை நிறுத்திட்டு ஆசிட் கடைக்குப் போறது என்ன நியாயம்? இதுக்கு வேற வழி இருக்கு, செலவும் குறைவு. ஆனால் அந்த வழி புரியணும்னா ஒரே ஒரு படத்தைப் படிக்கத் தெரியணும். படம்னதும் பயப்பட வேண்டாம். வெள்ளாமையில் நாம் தினமும் செய்யுற வேலைதான் அந்தப் படத்தில் கோடாக இருக்கு.

தண்ணியில் ஒளிஞ்சிருக்கும் இரும்பு

போர் தண்ணி மேலே வரும்போது கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். குடத்தில் பிடிச்சு வச்சால் மறுநாள் அடியில் காவி படியும். இடையில் நடந்தது என்ன?

இரும்புக்கு ரெண்டு முகம் உண்டு. காத்துப் படாத ஆழத்தில் அது ஃபெரஸ் இரும்பாக இருக்கும். இது உப்பு கரையுற மாதிரி தண்ணியில் முழுசாகக் கரைஞ்சிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. காத்தில் இருக்கிற ஆக்ஸிஜன் பட்டதும் ஃபெரிக் இரும்பாக மாறும். ஃபெரிக் இரும்பு நம்ம கிணத்துத் தண்ணியில் கரையாது. துருவாகி, துகளாகி, கீழே விழும்.

இப்போ ஒரு கணக்குப் போடுவோம். ஒரு லிட்டரில் 5 மில்லிகிராம் இரும்பு இருக்குன்னு வச்சுக்குங்க. ஒரு நாளைக்கு 40,000 லிட்டர் பாய்ச்சினால் 200 கிராம் இரும்பு தோட்டத்துக்குள் வருது. 100 நாளைக்கு 20 கிலோ. அது துருவாகும்போது தண்ணியையும் ஆக்ஸிஜனையும் சேர்த்துக்கிறதால் எடை ஏறக்குறைய 38 கிலோ ஆகும். ஒரு பருவத்துக்கு 38 கிலோ துரு! குண்டூசி முனை அளவு துளை உள்ள டிரிப்பர் வழியா இது போகணும்னா எப்படிப் போகும்?

சொட்டுநீருக்கு உலக உணவு வேளாண் அமைப்பு தரும் வழிகாட்டி அளவு இதுதான். லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்குக் கீழே இரும்பு இருந்தால் பயமில்லை. 0.1 முதல் 1.5 வரை கவனம் வேணும். 1.5-க்கு மேலே போனால் அடைப்பு கடுமையாக இருக்கும். மாங்கனீசுக்கும் இதே அளவுதான்.

ஒரு தாள், ரெண்டு அளவு, ஒரு சாய்ந்த கோடு

பெல்ஜியம் நாட்டு அறிவியலாளர் மார்செல் பூர்பே, இரும்பு ஏன் துருப்பிடிக்குது, எப்போ துருப்பிடிக்காதுன்னு ஆராய்ந்தவர். ஒவ்வொரு உலோகமும் தண்ணியில் எந்த நிலையில் கரையும், எந்த நிலையில் படியும்னு ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் போட்டார். அந்தப் படங்களை எல்லாம் தொகுத்த பெரிய புத்தகம் 1963-ல் பிரெஞ்சு மொழியில் வந்தது. அவர் பெயராலேயே இவை பூர்பே படங்கள்னு அழைக்கப்படுது. இன்னைக்குச் சுரங்கத்தில் உலோகம் பிரிக்கிறவங்க, ஆலைக் கழிவுநீர் சுத்தம் பண்றவங்க, குழாய் அரிப்பைத் தடுக்கிறவங்க எல்லாரும் இந்தப் படத்தை வச்சுத்தான் வேலை செய்யறாங்க. நம்ம தோட்டத்துக்கு மட்டும் எதுக்கு வேண்டாம்?

ஒரு தாளை எடுங்க. கீழே இடமிருந்து வலமாக பி.எச். அளவு எழுதுங்க: 4, 5, 6, 7, 8, 9. இடது பக்கம் புளிப்பு, வலது பக்கம் காரம். இது நமக்குப் பழகின அளவு.

பக்கத்தில் கீழிருந்து மேலாக ரெடாக்ஸ் அளவு. இது மில்லிவோல்ட்டில் வரும். மைனஸ் 400-ல் தொடங்கி பிளஸ் 800 வரை எழுதுங்க. தண்ணிக்குள் ஆக்ஸிஜன் கையோங்கி இருந்தால் இந்த அளவு மேலே போகும். காத்தில்லாமல் அழுகல் நடந்தால் கீழே இறங்கும். சேற்று வயலில் காலை விட்டால் முட்டை நாத்தம் வருதே, அது படத்தின் அடிப்பகுதி. அருவியில் விழுந்து நுரைக்கிற தண்ணி மேல்பகுதி.

இப்போ நாலு புள்ளி வையுங்க. பி.எச். 5-க்கு நேராக சுமார் பிளஸ் 450. 6-க்கு பிளஸ் 275. 7-க்கு பிளஸ் 100. 8-க்கு மைனஸ் 75. நாலையும் சேர்த்தால் இடமிருந்து வலமாகச் சரியுற ஒரு கோடு கிடைக்கும். பி.எச். ஒரு எண் கூடினால் கோடு ஏறக்குறைய 177 மில்லிவோல்ட் கீழே இறங்கும். தண்ணியில் இருக்கிற இரும்பின் அளவைப் பொறுத்தும், துரு புதுசா பழசா என்பதைப் பொறுத்தும் இந்தப் புள்ளிகள் கொஞ்சம் ஏறி இறங்கும். சாய்வு மாறாது.

கோட்டுக்குக் கீழே, இடது பக்கம்: இரும்பு கரைஞ்சிருக்கும்.
கோட்டுக்கு மேலே, வலது பக்கம்: இரும்பு துருவாகப் படியும்.

அவ்வளவுதான் படம். கரைஞ்ச இரும்பைப் படிய வைக்கணும்னா கோட்டைத் தாண்டணும். தாண்ட ரெண்டு வழி. ரெடாக்ஸை ஏத்தினால் மேலே போகலாம், அதுக்குக் காத்து போதும். பி.எச்.சை ஏத்தினால் வலது பக்கம் போகலாம், அதுக்குச் சுண்ணாம்பு போதும். ரெண்டும் நம்ம கையிலேயே இருக்கிற பொருள்.

ஆசிட் என்ன செய்யுதுன்னும் இப்போ புரியும். அது தண்ணியை இடது ஓரத்துக்கு, பி.எச். 2-க்குத் தள்ளுது. அங்கே துரு மறுபடியும் கரைஞ்சு ஓடிடும். பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்க்கிறதும் பாதி இதே கதைதான். ஆனால் ஆசிட் விட்டு முடிச்சதும் போரில் இருந்து பழைய இரும்புத் தண்ணிதான் வருது. அடுத்த மாசம் மறுபடியும் அதே அடைப்பு, மறுபடியும் அதே கேன். நோயை விட்டுட்டு அறிகுறிக்கு மருந்து போடுற பழைய கதை.

வடிகட்டி ஏன் ஏமாத்துது?

போரில் இருந்து வர்ற குழாயை நேராக வடிகட்டியில் சொருகி, அங்கிருந்து லேட்டரலுக்கு விடுறோம். மூடின குழாய்க்குள் காத்து கிடையாது. அதனால் இரும்பு இன்னும் கோட்டுக்குக் கீழேதான் இருக்கு. வடிகட்டி துகளைப் பிடிக்கும், கரைஞ்சதைப் பிடிக்காது. சர்க்கரைத் தண்ணியை வேட்டியில் வடிகட்டினால் சர்க்கரை வேட்டியில் தங்குமா?

தண்ணி கடைசியாகக் காத்தைப் பார்க்கிற இடம் டிரிப்பர் வாய். அங்கேதான் அது கோட்டைத் தாண்டுது. அங்கேதான் துரு விழுது. போதாக்குறைக்கு இரும்பு பாக்டீரியா வேற. கரைஞ்ச இரும்பும் கொஞ்சம் ஆக்ஸிஜனும் சந்திக்கிற எல்லைதான் அதுக்குச் சாப்பாட்டு இடம். அங்கே உட்கார்ந்து வழவழன்னு காவிப் பசையை வளர்க்கும்.

எனவே கேள்வி துரு விழுமா விழாதா என்பது இல்லை, விழத்தான் செய்யும். எங்கே விழணும்னு யார் தீர்மானிக்கிறது என்பதுதான் கேள்வி. நாம் தீர்மானிக்கலைன்னா டிரிப்பர் தீர்மானிச்சுடும்.

மூணு பாட்டில் சோதனை

தொட்டி கட்டுறதுக்கு முன்னாடி உங்க தண்ணி படத்தில் எங்கே நிக்குதுன்னு தெரியணும். ஒரே அளவுள்ள, கழுவின, ஒரு லிட்டர் தெளிவான பாட்டில் மூணு எடுங்க. மோட்டாரை 20 நிமிசம் ஓட விட்ட பிறகு, குழாயில் இருந்தே பிடிக்கணும். தொட்டியில் தேங்கின தண்ணி கூடாது.

முதல் பாட்டில்: விளிம்பு வரை நிரப்பி, காத்துக் குமிழி இல்லாமல் மூடுங்க. இது தண்ணியின் இயல்பு நிலை.

ரெண்டாவது பாட்டில்: பாதி நிரப்பி மூடி, 3 நிமிசம் நல்லாக் குலுக்குங்க. மூடியைத் திறந்து காத்து மாத்தி மறுபடி குலுக்குங்க. இது படத்தில் மேலே ஏறுறது.

மூணாவது பாட்டில்: பாதி நிரப்பி, வெத்தலைக்குப் போடுற சுண்ணாம்பு, மிளகில் பாதி அளவு போட்டு, அதே மாதிரி குலுக்குங்க. இது மேலேயும் ஏறி, வலது பக்கமும் நகர்றது.

அரை மணி நேரத்தில் ஒரு தடவை, 2 மணி நேரத்தில் ஒரு தடவை, மறுநாள் காலையில் ஒரு தடவை பாருங்க.

ரெண்டாவது பாட்டில் அரை மணியிலேயே மங்கலாகி, காவி திரண்டால், உங்களுக்குக் காத்து மட்டும் போதும். சுண்ணாம்பு தேவையில்லை.

ரெண்டாவது தெளிவாகவே இருந்து மூணாவது மட்டும் காவியானால், உங்க தண்ணியில் புளிப்பு அதிகம். காத்தோட சுண்ணாம்பும் வேணும். மூணாவது பாட்டிலில் முதலில் லேசாகப் பச்சை தட்டிப் பிறகு காவியாக மாறினாலும் பயப்பட வேண்டாம், அதுவும் இரும்புதான். வெள்ளையாக மட்டும் மங்கினால் அது தண்ணியில் இருக்கிற சுண்ணாம்பு உப்பு, இரும்பு இல்லை.

முதல் பாட்டிலே குழாயில் இருந்து வரும்போதே காவியாக இருந்தால், இரும்பு ஏற்கெனவே துகளாக வருது. கேசிங் குழாய் துருப்பிடிச்சதாகவும் இருக்கலாம். இதுக்குப் படிய விடுறதும் வடிகட்டுறதும் போதும்.

மூணும் மறுநாள் வரை தெளிவாக இருந்து, டிரிப்பர் மட்டும் அடைக்குதுன்னா, உங்க சிக்கல் இரும்பு இல்லை. டிரிப்பரில் வெள்ளைப் படிவு இருக்கா, பாசி இருக்கா, கறுப்பு இருக்கான்னு பாருங்க.

இதோட மண் பரிசோதனை நிலையத்திலோ தண்ணி பரிசோதனைக் கூடத்திலோ இரும்பு, மாங்கனீசு, பி.எச்., காரத்தன்மை நாலையும் ஒரு தடவை பார்த்துடுங்க. ரெடாக்ஸ் மீட்டர் வாங்க நினைக்கிறவங்களுக்கு ஒரு குறிப்பு: கையில் பிடிக்கிற மீட்டர்களில் பெரும்பாலும் வெள்ளி-வெள்ளிக் குளோரைடு முனை இருக்கும். அது காட்டுற எண்ணோட சுமார் 200 மில்லிவோல்ட் கூட்டினால்தான் படத்தில் வைக்க முடியும். தனியாகக் குழு சேர்ந்து ஒண்ணு வாங்கினால் போதும், ஆளுக்கொண்ணு தேவையில்லை.

படம் சொல்லாத ஒண்ணு: வேகம்

இந்தப் படம் போற ஊரைச் சொல்லும். எத்தனை மணிக்குப் போய்ச் சேரும்னு சொல்லாது. இதை மறந்துட்டால் தொட்டி கட்டின காசு வீண்.

இரும்பு காத்தோட சேர்ந்து துருவாகுற வேகம் பி.எச்.சைப் பொறுத்தது. பி.எச். ஒரு எண் கூடினால் வேகம் ஏறக்குறைய 100 மடங்கு கூடும். பி.எச். 7-க்கு மேலே நிமிசக் கணக்கில் முடியுற வேலை, 6-ல் பல மணி நேரம், சில சமயம் நாள் கணக்கில் இழுக்கும். படத்தில் பார்த்தால் ரெண்டுமே கோட்டுக்கு மேலேதான் இருக்கும். ஆனால் ஒண்ணு உங்க தொட்டியிலேயே படியும், இன்னொண்ணு தொட்டியைக் கடந்து டிரிப்பரில் போய்ப் படியும்.

மாங்கனீசு இன்னும் சோம்பேறி. அதுக்குத் தனிப் படம் உண்டு. அதோட கோடு இரும்புக் கோட்டுக்கு மேலே இருக்கு. பி.எச். 7-ல் பிளஸ் 550 அளவுக்கு ரெடாக்ஸ் போகணும். காத்தால் அது முடியும்னு படம் சொல்லும், ஆனால் வெறும் காத்தில் பி.எச். 9-க்கு மேலே போகாமல் வேலை சுறுசுறுப்பாக நடக்காது. அந்த அளவுக்குச் சுண்ணாம்பு போட்டால் டிரிப்பரில் வெள்ளைப் படிவு அடைக்கும். இதுக்கு வழி பழகின மணல். மாசக் கணக்கில் ஓடின மணல் வடிகட்டியில் மணல்மேல் கறுப்பு மாங்கனீசுப் பூச்சு படியும். அந்தப் பூச்சே அடுத்து வர்ற மாங்கனீசைப் பிடிச்சுப் படிய வைக்கும். அதனால் மணல் கறுத்துப் போச்சேன்னு மொத்தத்தையும் கொட்டிட்டுப் புது மணல் போடாதீங்க. தோசைக்கல் பழகின மாதிரி அது பழகின மணல்.

தொட்டி அமைப்பு

நாலு படி இருக்கு.

முதல் படி, காத்தாட விடுறது. போர் குழாயைத் தொட்டிக்கு மேலே ஓர் ஆள் உயரத்துக்குத் தூக்கி, துளை போட்ட குழாய் வழியாக மழை மாதிரி விழ வையுங்க. கீழே துளையுள்ள தட்டுகள் மூணு நாலு, ஒண்ணுக்குக் கீழே ஒண்ணாக வச்சு, அதில் உடைச்ச செங்கல்லோ ஜல்லியோ பரப்புங்க. தண்ணி மெல்லிசாகப் பரவி இறங்கணும். 1 மில்லிகிராம் இரும்புக்குத் தேவையான ஆக்ஸிஜன் 0.14 மில்லிகிராம்தான். 5 மில்லிகிராம் இரும்புக்கு 0.7 போதும். நம்ம வெயிலில் நல்லாக் காத்தாடின தண்ணி லிட்டருக்கு 7 மில்லிகிராம் ஆக்ஸிஜனைப் பிடிச்சு வச்சுக்கும். மின்சாரத்தில் ஓடுற காத்தடிக்கும் கருவி எதுவும் வேண்டாம், விழுற தண்ணியே போதும்.

இதில் இன்னொரு லாபமும் இருக்கு. போர் தண்ணியில் கரியமில வாயு கரைஞ்சிருக்கும், அதுதான் பாதி புளிப்புக்குக் காரணம். மழையாக விழும்போது அது வெளியேறி, பி.எச். தானாகவே ஏறும். காத்து ஒண்ணு, வேலை ரெண்டு. படத்தில் மேலேயும் போறோம், வலது பக்கமும் போறோம்.

ரெண்டாவது படி, படிய விடுறது. மணிக்கு 8,000 லிட்டர் எடுக்கிற போருக்கு 2 மணி நேரம் தங்கணும்னா 16,000 லிட்டர் தொட்டி வேணும். தரைத்தொட்டி இருந்தால் அதையே ரெண்டாகத் தடுத்துக்கலாம். ஒரு பக்கம் விழுந்து, மறுபக்கம் எடுக்கணும். உறிஞ்சு குழாயைத் தரையில் வைக்காமல், மிதவையில் கட்டி மேல்மட்டத்துத் தண்ணியை எடுங்க. மேலே நிழல்வலையோ தென்னங்கீற்றோ போட்டு மூடினால் பாசி பிடிக்காது. பாசி அடைப்பும் அடைப்புதான்.

மூணாவது படி, மணல் வடிகட்டி. இப்போதான் அது தன் வேலையைச் செய்யும், ஏன்னா இப்போ இரும்பு துகளாகிவிட்டது. அழுத்தம் குறையும்போது எதிர்த்திசையில் தண்ணி விட்டுக் கழுவுங்க.

நாலாவது படி, வாரம் ஒரு தடவை லேட்டரல் முனைகளைத் திறந்து விடுறது. எவ்வளவு நல்ல தொட்டியாக இருந்தாலும் இதை விடக் கூடாது.

ஏற்கெனவே அடைச்சுப் போன லேட்டரல் இருந்தால், தொட்டி ஓட ஆரம்பிக்கிறதுக்கு முன் ஒரு தடவை சுத்தம் பண்ணித்தான் ஆகணும். சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊற வச்சுக் கழுவினால் துரு இளகும். சான்று வச்சிருக்கிறவங்க குழுவில் கேட்டு, பதிவேட்டில் எழுதிட்டுச் செய்யுங்க.

சுண்ணாம்பு எப்போ, எவ்வளவு?

இரும்பு துருவாகும்போது தண்ணியைக் கொஞ்சம் புளிக்க வைக்கும். 1 மில்லிகிராம் இரும்பு, ஏறக்குறைய 1.8 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமமான காரத்தன்மையைச் சாப்பிடும். 5 மில்லிகிராமுக்கு 9. உப்புச் சத்துள்ள கடினத் தண்ணியில் காரத்தன்மை 200, 300-ன்னு இருக்கும். அங்கே 9 போனது தெரியாது. செம்புறை மண்ணில் இருந்து வர்ற மென்மையான, புளிப்புத் தண்ணியில் காரத்தன்மை 20, 30 தான் இருக்கும். அங்கேதான் வேலை பாதியில் நிக்கும். அங்கேதான் சுண்ணாம்பு வேணும்.

அளவு கண்டுபிடிக்கிறது எளிது. நீர்த்த சுண்ணாம்பைத் தண்ணியில் கலக்கி, தெளிய விட்டு, மேலே நிக்கிற தெளிந்த நீரை எடுத்துக்குங்க. 10 லிட்டர் வாளியில் காத்தாடின போர் தண்ணியை எடுத்து, தெளிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊத்தி, பி.எச். தாளில் 7.2 முதல் 7.5 வரும் வரை பாருங்க. வாளிக்கு 100 மில்லி பிடிச்சால், 1,000 லிட்டருக்கு 10 லிட்டர் தெளிநீர். 8-ஐத் தாண்ட விடாதீங்க. இரும்பை விரட்டி வெள்ளைப் படிவைக் கூப்பிட்ட கதையாகிடும்.

சுண்ணாம்புக்கல் ஜல்லியைத் தட்டில் பரப்பி அதன்மேல் தண்ணி விடலாமான்னு சிலர் கேட்பாங்க. விடலாம், ஆனால் கல்லின் மேல் துரு பூசிக்கும். பூசின பிறகு கல் வேலை செய்யாது. அடிக்கடி உரசிக் கழுவ முடிஞ்சால் மட்டும் செய்யுங்க.

ஜீவாமிர்தம்: தொட்டியில் விஷம், வேரில் அமுதம்

இயற்கை வழியில் இருக்கிற நாம் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய இடம் இது. காத்தாட விடுற தொட்டியிலும், படிய விடுற தொட்டியிலும் ஜீவாமிர்தம், பஞ்சகவ்யம், மீன் அமிலம், எரு ஊறின தண்ணி எதையும் கலக்காதீங்க.

காரணம் ரெண்டு. இவற்றில் இருக்கிற நுண்ணுயிர்கள் ஆக்ஸிஜனை இழுத்துக் குடிக்கும். ரெடாக்ஸ் கீழே இறங்கும், தண்ணி மறுபடியும் கோட்டுக்கு அடியில் போகும். ரெண்டாவது, அங்கக அமிலங்கள் இரும்பைக் கைபோட்டுப் பிடிச்சுக் கரைஞ்ச நிலையிலேயே வச்சுக்கும். படிய வேண்டியது படியாது. ஜீவாமிர்தத்தைத் தனித் தொட்டியில் வடிகட்டி, துரு நீக்கின தண்ணியோட மணல் வடிகட்டிக்குப் பிறகு சேருங்க. பிறகு கால் மணி நேரம் வெறும் தண்ணி விட்டு லேட்டரலைக் கழுவுங்க.

இதே ஜீவாமிர்தம் மண்ணில் செய்யுறது நேர் எதிர். சுண்ணாம்புச் சத்துள்ள கரிசலில் நிலக்கடலையும் கரும்பும் இளம் இலையில் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிக்கும். மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. பி.எச். 8-க்கு மேலே, காத்தோட்டமான மண்ணில், இரும்பு மொத்தமும் படத்தின் வலது பக்கம் துருவாகக் கிடக்குது, வேருக்கு எட்டலை. தொழுவுரமும் ஜீவாமிர்தமும் வேரடியில் போகும்போது அங்கே சின்னச் சின்ன இடங்களில் ரெடாக்ஸ் இறங்குது, புளிப்புக் கூடுது, அங்கக அமிலம் இரும்பைப் பிடிச்சு வேருக்குக் கொடுக்குது. தொட்டியில் எது கெடுதலோ அதுவே வேரில் மருந்து. படம் ஒண்ணுதான், நாம் நிக்கிற இடம்தான் வேற.

நெல் வயலும் இதே படம்தான்

தண்ணி கட்டின வயலில் சில நாளிலேயே ஆக்ஸிஜன் தீர்ந்து, ரெடாக்ஸ் பிளஸ் 500-ல் இருந்து மைனஸ் 200 வரை கூட இறங்கும். வழியில் மண்ணில் இருக்கிற துரு கரைஞ்சு ஃபெரஸ் இரும்பாகும். அதோட ஒட்டியிருந்த மணிச்சத்தும் விடுபடும். நெல்லுக்கு அது நல்லது. ஆனால் புளிப்பு மண்ணில், வடிகால் இல்லாத பள்ள வயலில், மட்காத பசுந்தாளை நிறைய மடக்கி உழுது உடனே தண்ணி கட்டினால் இரும்பு அளவுக்கு மீறிக் கரையும். கீழ் இலை நுனியில் செம்புள்ளி விழும், பிறகு இலை வெண்கல நிறமாகும், வேர் காவியும் கறுப்புமாக இருக்கும்.

வாய்க்காலில் வானவில் நிறத்தில் படலம் மிதந்தால் குச்சியால் தொட்டுப் பாருங்க. ஓடு மாதிரி உடைஞ்சு பிரிஞ்சால் இரும்பு. உடைஞ்சது ஓடி வந்து ஒட்டிக்கிட்டால் எண்ணெய்.

மருந்து என்ன? நம்ம பெரியவங்க சொன்ன காய்ச்சலும் பாய்ச்சலும்தான். தண்ணியை வடிச்சு, மண்ணில் லேசாக வெடிப்பு விடுற வரை காய விட்டால் காத்து உள்ளே போகும். ரெடாக்ஸ் ஏறும், இரும்பு மறுபடி துருவாகி உட்கார்ந்துடும். பூர்பே படம் போடுறதுக்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்னாடியே நம்ம ஆட்கள் மண்வெட்டியால் அந்தக் கோட்டைத் தாண்டிக்கிட்டு இருந்தாங்க.

எச்சரிக்கை: எல்லா உலோகமும் இரும்பு இல்லை

தொட்டி அடியில் சேரும் காவிச் சேற்றை என்ன செய்யலாம்? சுத்தமான போராக இருந்தால் வரப்போரத்தில், சாப்பாட்டுப் பயிர் இல்லாத மூலையில் கொட்டுங்க. காய்கறிப் பாத்தியில் வேண்டாம். அது மணிச்சத்தை இறுகப் பிடிச்சுக்கும். ஆர்சனிக் உள்ள தண்ணியில் துரு அந்த விஷத்தையும் சேர்த்து இழுத்துக்கும். மேற்கு வங்கம், வங்கதேசம் பக்கம் இதனால் தண்ணி சுத்தமாகுது, ஆனால் அங்கே சேறு விஷமாகுது.

ஆலைப் பகுதிக்குப் பக்கத்தில் இருக்கிறவங்களுக்குத் தனியாகச் சொல்லணும். குரோமியத்தின் படம் இரும்புக்குத் தலைகீழ். ரெடாக்ஸ் மேலே போனால் அது ஆறு இணைதிறன் குரோமியமாகி, மஞ்சளாகக் கரைஞ்சு, நிலத்தடியில் தூரமாக ஓடும். அதுதான் கொடிய வடிவம். கீழே இறங்கினால்தான் மூணு இணைதிறனாகிப் படியும். ராணிப்பேட்டையில் மூடிப் போன குரோமேட் ஆலையின் கழிவுக் குவியலால் சுற்று வட்டார நிலத்தடி நீர் கெட்ட கதை நமக்குத் தெரியும். அப்படிப்பட்ட தண்ணியைக் காத்தாட விட்டால் ஒரு துளிகூடக் குறையாது. ஃபெரஸ் இரும்பைக் கொண்டு குரோமியத்தைக் கீழே இறக்கிப் படிய வைக்கும் முறை இருக்கு. ஆனால் அது ஆலையும் அரசும் தங்கள் செலவில் செய்ய வேண்டிய வேலை, உழவர் தொட்டியில் செய்யுற வேலை இல்லை. தோல் ஆலை, முலாம் பூசும் பட்டறை, ரசாயன ஆலை பக்கத்தில் போர் இருந்தால் இரும்பைப் பார்க்கிறதுக்கு முன்னாடி குரோமியத்தைப் பரிசோதிங்க. கெடுத்தவங்க யாருன்னு கேட்கிற உரிமை நமக்கு உண்டு.

இந்த வாரம் செய்ய வேண்டியது

மூணு பாட்டிலை எடுத்துக்கிட்டுப் போருக்குப் போங்க. பிடிச்ச நேரம், காவி திரண்ட நேரம், பி.எச். மூணையும் நோட்டில் எழுதுங்க. பக்கத்துத் தோட்டத்துக்காரரையும் அவர் போரில் செய்யச் சொல்லுங்க. ஒரு ஊரில் 10 போரின் கணக்கு சேர்ந்தால், எந்தப் பக்கத்துத் தண்ணிக்குக் காத்து போதும், எந்தப் பக்கத்துக்குச் சுண்ணாம்பு வேணும்னு ஊருக்கே ஒரு படம் கிடைச்சுடும். அடுத்த மாசக் குழுக் கூட்டத்தில் அந்த நோட்டை விரிச்சு வச்சுப் பேசுவோம். ஆசிட் கேனுக்கு எடுத்து வச்ச காசில் முதல் தட்டுக்கு ஜல்லி வாங்கலாம்.